கியூபா கிடைத்த பிள்ளைக்கு: மாடல் யுஎன்னுக்குத் தயாராவது எப்படி

என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் "மாமா, எனக்குக் கியூபாவைக் கொடுத்துட்டாங்க" என்றாள். மாடல் யுஎன் என்றால், பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து ஐ.நா. சபை போலவே விவாதிக்கும் போட்டி. அமெரிக்காவோ பிரான்சோ கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறாள், அதனால் முகம் வாடியிருந்தது. விவாதப் பொருள் கியூபா மீது அமெரிக்கா விதித்திருக்கும் பொருளாதாரத் தடை. அந்த அரங்கிலேயே மிக நல்ல இடம் உனக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது.

டெல்லியில் பல பள்ளிகளில் இப்போது மாடல் யுஎன் நடக்கிறது, நம் தமிழ்ப் பிள்ளைகளும் நிறையப் பேர் போகிறார்கள். ஆனால் தயாரிப்பு என்றால் பெரும்பாலும் முதல்நாள் ராத்திரி இணையத்திலிருந்து பத்துப் பக்கம் பிரிண்ட் எடுப்பதுதான். நானும் அவளும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து செய்ததை இங்கே எழுதுகிறேன். கியூபா கிடைத்த பிள்ளைக்கு அப்படியே உதவும். எதிர்ப் பக்கத்தில் அமெரிக்காவாக உட்காரும் பிள்ளையும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் வரைபடத்தை எடுங்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் கீ வெஸ்ட் இருக்கிறது, அங்கிருந்து கியூபாவின் கரைக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். டெல்லியிலிருந்து மதுரா போகிற தூரம்தான். கியூபாவின் பரப்பு நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் குறைவு, மக்கள்தொகை ஒரு கோடியை ஒட்டி. பக்கத்து நாட்டில் 33 கோடிக்கு மேல். இந்த இரண்டு அளவுகளும் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அதற்குள் வந்து உட்காரும். நம் பிள்ளைகள் உடனே இந்தியா–இலங்கை என்று ஒப்பிடப் பார்ப்பார்கள், அது வேண்டாம். அங்கே இருக்கிற மொழி, இனப் பிரச்சினை இங்கே கிடையாது, இங்கே இருக்கிற தடைச் சட்டம் அங்கே கிடையாது. ஒப்பிடத் தொடங்கினால் இரண்டையும் தப்பாகப் புரிந்துகொள்வோம்.

அடுத்தது சொல். இதில் அரை நாள் செலவழித்தாலும் தகும். அமெரிக்கா இதை 'எம்பார்கோ' என்கிறது, அதாவது வணிகத் தடை: என் கடையில் உனக்கு விற்க மாட்டேன், அது என் விருப்பம். கியூபா 'பிளாக்கேட்' என்கிறது, அதாவது முற்றுகை: நீ மட்டும் விற்காமல் இருந்தால் சரி, ஊரில் யாரும் எனக்கு விற்கக் கூடாது என்கிறாயே. இந்தத் தடையை நீக்கக் கோரி ஆண்டுதோறும் வரும் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானத்தின் தலைப்பில் இருப்பது எம்பார்கோதான். ஆகவே கியூபாவாகப் பேசும் பிள்ளை உரையில் முற்றுகை என்று சொல்லலாம், வரைவுத் தீர்மானத்தில் எம்பார்கோ என்றே எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆதரிக்க வருகிற நாடுகளே தயங்கும். சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 1962 அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரிந்ததும் அதிபர் கென்னடி கடற்படையை அனுப்பிக் கப்பல்களை மறித்தார். செய்தது முற்றுகைதான். ஆனால் முற்றுகை என்று சொன்னால் சர்வதேசச் சட்டப்படி அது போர் நடவடிக்கை, அதனால் 'க்வாரன்டீன்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை என் அக்கா மகளிடம் சொன்னபோது அவள் நோட்டில் அந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

தேதிகளை அறுபது மனப்பாடம் செய்ய வேண்டாம். சிலவற்றை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

1898-ல் ஸ்பெயினோடு போரிட்டு அமெரிக்கா கியூபாவுக்குள் வந்தது. 1902-ல் கியூபா சுதந்திர நாடானது, ஆனால் அதன் அரசியல் சட்டத்திலேயே, தேவைப்பட்டால் அமெரிக்கா தலையிடலாம் என்று ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார்கள். பிளாட் திருத்தம் என்று பெயர், 1934 வரை இருந்தது. கியூபர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் இறையாண்மை என்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. இதே காலத்தில், 1903-ல், கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடா கடற்படைத் தளத்துக்காக அமெரிக்காவுக்குக் குத்தகைக்குப் போனது. 1934 ஒப்பந்தப்படி இரு தரப்பும் சம்மதித்தாலோ அமெரிக்கா தானாக வெளியேறினாலோ ஒழிய அந்தக் குத்தகை முடியாது. ஆண்டு வாடகை 4,085 டாலர். காசோலை போய்க்கொண்டிருக்கிறது, 1959-ல் ஒன்றை மாற்றியதோடு சரி, அதன் பிறகு கியூபா அவற்றை வங்கியில் போடுவதில்லை. போட்டால் குத்தகையை ஏற்றுக்கொண்டதாகிவிடும் அல்லவா.

1959 ஜனவரி 1, ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. இங்கே பிள்ளைகள் ஒரு தாவு தாவி ஏவுகணை நெருக்கடிக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் இருக்கிற 1960-ஐத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் உறவு முறிந்தது ஒரே நாளில் அல்ல, படிப்படியாக. கியூபா சோவியத் கச்சா எண்ணெயை வாங்கியது. கியூபாவில் இருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் சுத்திகரிப்பு ஆலைகள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. கியூபா ஆலைகளை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா கியூபச் சர்க்கரை வாங்குவதை வெட்டியது. கியூபா இன்னும் பல அமெரிக்கச் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. அக்டோபரில் உணவு, மருந்து தவிர்த்த ஏற்றுமதிக்கு அமெரிக்கா தடை போட்டது. 1961 ஜனவரி 3 அன்று தூதரக உறவே முறிந்தது. ஏப்ரலில் புரட்சி அரசைக் கவிழ்க்க, கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் சுமார் 1,400 நாடுகடந்த கியூபர்கள் அமெரிக்க உதவியோடு இறங்கித் தோற்றார்கள். 1962 பிப்ரவரியில் கென்னடி முழுத் தடையை அறிவித்தார். ஏவுகணை நெருக்கடி அதற்கும் எட்டு மாதம் கழித்துத்தான். தடை ஏவுகணையால் வந்தது என்று யாராவது மேடையில் சொன்னால், கை தூக்கி இந்த வரிசையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. உறவு முறிந்தது என்றால் பேச்சு நின்றது என்று அர்த்தமில்லை. 1961 முதல் ஹவானாவில் அமெரிக்காவின் நலன்களைச் சுவிட்சர்லாந்து பார்த்துக்கொண்டது. விமானக் கடத்தல் பெருகியபோது 1973-ல் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. 1977-ல் தூதரகம் என்ற பெயர் இல்லாமல், 'நலன் பிரிவு' என்ற பெயரில் ஒருவர் தலைநகரில் மற்றவர் அலுவலகம் திறந்தார்கள். 1994-ல் ஆயிரக்கணக்கானவர்கள் மிதவைகளில் கடலில் இறங்கியதும் குடியேற்றம் பற்றிப் பேசினார்கள். கடைசியில் 2014 டிசம்பர் 17 அன்று ஒபாமாவும் கியூப அதிபர் ராவுல் காஸ்ட்ரோவும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியில் தோன்றி உறவைப் புதுப்பிப்பதாக அறிவித்தார்கள், 2015 ஜூலை 20-ல் தூதரகங்கள் மீண்டும் திறந்தன. ஆகஸ்டில் ஹவானாவில் கொடி ஏற்றியபோது, 1961-ல் அங்கே கொடியை இறக்கிய மூன்று மரைன் படை வீரர்கள் வயதான மனிதர்களாக வந்து நின்றார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டு. உங்கள் உரையில் ஒரு காட்சிக்கு இடம் இருந்தால் இதை வையுங்கள்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். சார்ட் பேப்பர் ஒன்றை மேஜையில் விரித்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'அதிபர் கையில் சாவி' என்றும், வலப்பக்கம் 'காங்கிரஸ் கையில் சாவி' என்றும் எழுதுங்கள். காங்கிரஸ் என்றால் இங்கே அமெரிக்க நாடாளுமன்றம். கியூபா மீதான தடை ஒரே பூட்டு இல்லை, பல பூட்டுகள். எந்தப் பூட்டை யார் திறக்க முடியும் என்று தெரியாமல் 'தடையை நீக்கு' என்று மேடையில் கத்துவதில் ஒரு பயனும் இல்லை.

வலப்பக்கம் முதலில். 1992-ல் ஒரு சட்டம்: கியூபத் துறைமுகத்துக்கு வணிகத்துக்காகப் போன கப்பல் 180 நாளுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. 1996 பிப்ரவரியில் நாடுகடந்த கியூபர்களின் இரண்டு சிறு விமானங்களைக் கியூபா சுட்டு வீழ்த்தியது, நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கோபத்தில் அடுத்த மாதமே ஹெல்ம்ஸ்–பர்ட்டன் சட்டம் கையெழுத்தானது. அதுவரை அதிபரின் ஆணையாக இருந்த தடையை அது சட்டமாக்கிவிட்டது. கியூபாவில் எந்த மாதிரி அரசு வந்தால் தடையை எடுக்கலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது, ஃபிடலும் ராவுலும் அந்த அரசில் இருக்கக் கூடாது என்பதுவரை. ஆகவே இன்றைக்கு ஓர் அதிபர் மனது வைத்தாலும் தனியாக முழுத் தடையை எடுக்க முடியாது. 2000-ல் வந்த சட்டம் உணவுப் பொருள் விற்பனைக்கு வழிவிட்டது, அதே சட்டம் அமெரிக்கர்கள் சுற்றுலாவுக்காகக் கியூபா போவதைத் தடுக்கவும் செய்தது.

இடப்பக்கத்தில் தூதரகம், விமானப் போக்குவரத்து, பயண அனுமதியின் வகைகள், உறவினர்கள் அனுப்பும் பணம், அப்புறம் பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியல். இந்தப் பட்டியலை மட்டும் தனியாகச் சிவப்பு மையில் எழுதுங்கள். 1982-ல் கியூபாவைச் சேர்த்தார்கள், 2015-ல் எடுத்தார்கள், 2021 ஜனவரியில் மறுபடி சேர்த்தார்கள். 2025 ஜனவரி 14 அன்று பைடன் எடுப்பதாக அறிவித்தார், ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே அதை ரத்து செய்தார். ஆறே நாள். இது அதிபர் கையில் இருக்கிற சாவி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனவே கியூபாவின் பிரதிநிதி எதை நெருக்கிக் கேட்க வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது: உடனே நடக்கக் கூடியதை அதிபரிடம், நாளாகக் கூடியதைக் காங்கிரஸிடம். இரண்டையும் கலக்காமல் கேட்கிற பிள்ளையை நடுவர்கள் கவனிப்பார்கள்.

மூன்றாவது ஞாயிறு சாயந்திரம் என் அம்மாவை எதிரே உட்கார வைத்துத் தமிழிலேயே உரையைச் சொல்லச் சொன்னேன். அரங்கில் ஆங்கிலம்தான், ஆனால் தமிழில் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியாததை ஆங்கிலத்தில் சொன்னால் மனப்பாடமாகத்தான் இருக்கும். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் கொடுக்கலைன்னா வேற கடையில வாங்கிக்க வேண்டியதுதானேடி?" என்றாள். குழந்தை திணறிப்போனாள். அதுதான் சரியான கேள்வி, அமெரிக்கப் பிரதிநிதியும் இதையேதான் கேட்பான்.

பதிலை அம்மாவுக்காகவே யோசித்தோம். ஆசாத்பூர் மண்டியில் பெரிய மொத்த வியாபாரி ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். உங்கள் தெருக் கடைக்கு அவர் காய் கொடுக்க மாட்டார், சரி. ஆனால் அவர் லாரிக்காரர்களிடம், அந்தக் கடையில் மூட்டை இறக்கினால் ஆறு மாதம் என் மண்டிக்குள் வராதே என்கிறார். எந்த லாரிக்காரர் வருவார்? 180 நாள் விதி இதுதான். அதோடு, வேறு நாட்டில் செய்த பொருளாக இருந்தாலும் அமெரிக்கப் பாகங்கள் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் கியூபாவுக்கு அனுப்ப அமெரிக்க உரிமம் வேண்டும். மருத்துவக் கருவிகளில் இது எப்படிக் கடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் வங்கி. 2014-ல் பிரெஞ்சு வங்கியான பிஎன்பி பாரிபா, சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணப்பரிமாற்றங்களுக்காக அமெரிக்காவுக்குக் கிட்டத்தட்ட 890 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. கியூபாவோடு கணக்கு வைக்கலாமா என்று யோசிக்கிற எந்த வங்கிக்கும் அந்தத் தொகை ஞாபகம் இருக்கும். அம்மா கேட்டுவிட்டு, "அப்போ லாரிக்காரனை மிரட்டுறதுதான் விஷயம்னு முதல்லயே சொல்லு" என்றாள். உரையில் அந்தப் பத்தி முதலாவதாக ஏறியது அப்படித்தான்.

நான்காவது வாரம் அமெரிக்காவின் உரையை நீங்களே எழுதுங்கள். அதுவும் நேர்மையாக, ஜெயிக்கிற மாதிரி. அவர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள். ஒன்று, நாட்டுடைமையாக்கிய சொத்துக்கு இழப்பீடு வரவில்லை. அமெரிக்க ஆணையம் சான்றளித்த கோரிக்கைகள் 5,900 சொச்சம், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 190 கோடி டாலர். இதற்குப் பதில், கனடா, ஸ்பெயின், பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளோடு கியூபா இழப்பீட்டுப் பேச்சு நடத்தி முடித்திருக்கிறது, ஆகவே பேசினால் முடியும். இரண்டாவது, நாங்கள் கியூபாவுக்குக் கோழி விற்கிறோமே, தடை எங்கே என்பார்கள். உண்மைதான், 2001 கடைசியிலிருந்து அமெரிக்க உணவுப் பொருள்கள் போகின்றன. ஆனால் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், கடன் கிடையாது, அந்தப் பணத்தைச் சம்பாதிக்கக் கியூபா தன் சரக்கை அங்கே விற்கவும் வழியில்லை. மூன்றாவது மனித உரிமை. 2021 ஜூலை 11 அன்று கியூபாவில் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டங்களையும் அதற்குப் பின் நடந்த கைதுகளையும் கண்டிப்பாகக் கேட்பார்கள். இங்கே என் அக்கா மகளிடம் நான் கறாராக இருந்தேன். கியூபாவின் நிலைப்பாட்டை எடுத்துச் சொல்வது வேறு, நடந்ததை நடக்கவில்லை என்பது வேறு. போராட்டம் நடந்தது, கைது நடந்தது. அதை மறுக்காமல், ஒரு கோடிப் பேரின் மருந்தையும் எரிபொருளையும் தடுப்பது அதற்குப் பரிகாரமா என்று கேட்கலாம். அப்படிக் கேட்க வாய் கூசாது.

வாக்கு எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும். 1992-ல் முதல்முறை தீர்மானம் வந்தபோது ஆதரவு 59, எதிர்ப்பு 3, நடுநிலை 71. 2016-ல் 191 ஆதரவு, எதிர்ப்பே இல்லை, அமெரிக்காவும் இஸ்ரேலும்கூட நடுநிலை. 2024-ல் 187, எதிர்ப்பு 2. 2025-ல் 165 ஆகக் குறைந்து எதிர்ப்பு 7, நடுநிலை 12. என் அக்கா மகள் கடைசி எண்ணை விட்டுவிடலாம் என்றாள். விடக் கூடாது, நீங்கள் விட்டால் எதிராளி எடுப்பார். நீங்களே சொல்லி, அமெரிக்கா இவ்வளவு அழுத்தம் கொடுத்தும் 165 நாடுகள் நின்றன என்று முடித்தால் அந்த எண் உங்கள் பக்கம். இந்தியா ஆண்டுதோறும் ஆதரவாகவே வாக்களித்து வருகிறது. இந்தியாவாக உட்காரும் பிள்ளையைத் தேடிப் பிடித்து முதல் நாளே பேசிவிடுங்கள்.

அவரிடம் சொல்ல நம்மூர்க் கதையே இருக்கிறது. 1959-ல் சே குவேரா டெல்லிக்கு வந்து நேருவைச் சந்தித்தார். 1960-ல் நியூயார்க்கில் ஃபிடல் ஹார்லெமில் தெரசா ஹோட்டலில் தங்கியபோது நேரு அங்கேயே போய்ப் பார்த்தார். 1983 மார்ச்சில் விஞ்ஞான் பவனில் அணிசேரா நாடுகளின் தலைமையை இந்திரா காந்தியிடம் ஒப்படைக்கும்போது ஃபிடல் அவரைக் கட்டிக்கொண்ட படம் இன்றைக்கும் சுற்றுகிறது. நாங்கள் ஒருநாள் மௌலானா ஆசாத் சாலை வழியாகப் போகும்போது அந்தக் கட்டடத்தைக் காட்டினேன், "இங்கேயா மாமா?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டணிக்குக் கரீபியன் நாடுகளிடமும் போங்கள். 1972 டிசம்பர் 8 அன்று பார்படாஸ், கயானா, ஜமைக்கா, டிரினிடாட்–டொபாகோ நான்கும் சேர்ந்து ஒரே நாளில் கியூபாவோடு தூதரக உறவு தொடங்கின. சுதந்திரம் வாங்கிப் பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை அவற்றில் சிலவற்றுக்கு. தனியாகச் செய்தால் பெரிய அண்டை நாட்டின் கோபம் ஒருவர் மேல் விழும், நால்வராகச் செய்தால் பகிர்ந்துகொள்ளலாம். உங்கள் அரங்கிலும் இதையே செய்யுங்கள்: தீர்மானத்தை நீங்கள் முன்மொழியாமல் ஜமைக்காவை முன்மொழியச் சொல்லிவிட்டு, நீங்கள் உடன் கையெழுத்திடுங்கள்.

வரைவுத் தீர்மானம் சுருக்கமாக இருக்கட்டும். பொதுச் சபையால் யாருக்கும் உத்தரவிட முடியாது, 'வலியுறுத்துகிறது', 'கேட்டுக்கொள்கிறது' என்ற அளவில்தான் எழுத வேண்டும். சார்ட்டில் இடப்பக்கம் இருந்து இரண்டு, வலப்பக்கம் இருந்து ஒன்று, போதும்.

தொடக்க உரைக்கு 90 விநாடிதான் தருவார்கள். என் அக்கா மகள் முதலில் எழுதியது: "ஏகாதிபத்திய அமெரிக்கா கியூபாவின் கழுத்தை நெரிக்கிறது." அதை அடித்துவிட்டு நாங்கள் எழுதியது: "எங்கள் துறைமுகத்துக்கு வந்த கப்பல் 180 நாள் தண்டனையோடு திரும்புகிறது. அந்தக் கப்பல் எங்களுடையதும் அல்ல, அமெரிக்காவுடையதும் அல்ல." வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள், பதினைந்து விநாடிக்குள் முடிந்தது. மீதி நேரத்துக்குத் தூதரகக் கொடியும், 165-ம், பட்டியலும் வந்தன.

போகிற நாளுக்கு முந்தைய ராத்திரி ஒரே ஒரு வேலை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தைத் திறந்து, அந்தப் பட்டியலில் கியூபா இன்றைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு நாளில் மாறியது ஒரு ராத்திரியிலும் மாறலாம். பார்த்துவிட்டு, பென்சிலால் தேதி போட்டு, தாளை மடித்துப் பையில் வையுங்கள்.